கைமாறும் டைம்ஷெயர்: இந்த ஆண்டுக் கட்டணம் யார் கணக்கில்?

வெள்ளவத்தையில் வீடு வாங்கும் ஒருவர், உறுதி எழுதுவதற்கு முன் சோலைவரிப் பற்றுச்சீட்டையும் தண்ணீர், மின்சாரச் சீட்டுகளையும் கேட்டு வாங்காமல் விடமாட்டார். அதே மனிதர், கனடாவிலுள்ள பிள்ளைகளோடு ஆண்டுக்கொரு தடவை கூடியிருக்கலாம் என்ற ஆசையில் புளோரிடாவில் ஒருவர் விற்கும் ஒரு வார டைம்ஷெயரை, அதாவது விடுதியொன்றில் ஆண்டுதோறும் ஒரு வாரம் தங்கும் உரிமையை, வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கிறார். விலை ஒரு டொலராகக்கூட இருக்கும். ஆண்டுதோறும் வரும் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து கழன்றுகொண்டாற் போதும் என்று நினைக்கும் விற்பனையாளர்கள் அங்கே நிறையப் பேர்.

என் அக்காவின் கணவர் செய்த தவறு இதுதான். அவர் வாங்கியது ஆண்டின் 7ஆவது வாரம், அதாவது பெப்ரவரி நடுப்பகுதி. உறுதி கைமாறியது மார்ச்சில். ஒப்பந்தத்தில் "நடப்பாண்டுக் கட்டணம் வாங்குபவருடையது" என்றிருந்த ஒற்றை வரியை அவர் வழமையான வாசகம் என்று எண்ணிக் கையெழுத்திட்டு, 1,100 டொலரையும் கட்டிவிட்டார். சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு, "அத்தான், பெப்ரவரியிலை அங்கை போய் இருந்திட்டு வந்தது ஆர்?" என்று நான் கேட்டபோதுதான், விற்றவர் அனுபவித்து முடித்த வாரத்துக்குத் தான் பணம் கொடுத்திருப்பது அவருக்கு விளங்கியது.

உறுதியின் திகதியைக் கொண்டோ, ஆண்டை மாதங்களாகப் பிரித்தோ இந்தக் கணக்கைப் பார்க்கக் கூடாது. அந்த ஆண்டின் தங்கும் உரிமை யார் கைக்கு வருகிறதோ அவரே அந்த ஆண்டின் கட்டணத்தை ஏற்பதுதான் நியாயம். 7ஆவது வாரத்துக்குப் பதிலாக 28ஆவது வாரம், அதாவது யூலை நடுப்பகுதி, அவருக்குக் கிடைத்திருந்தால், விற்றவர் முன்கூட்டியே கட்டிய பணத்தை அத்தான் அவருக்குத் திருப்பிக் கொடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விற்றவர் அந்த வாரத்தை ஒருவரின் வாரத்தை எடுத்துக்கொண்டு வேறு விடுதியில் தங்க இடம் தரும் ஆர்.சி.ஐ. போன்ற பரிமாற்ற நிறுவனத்தில் ஏற்கெனவே வைப்பிலிட்டிருந்தால், யூலை இன்னும் வராவிட்டாலும் அது செலவாகிப்போன வாரமே.

குறித்த வாரத்துக்குப் பதிலாக ஆண்டுதோறும் கிடைக்கும் புள்ளிகளைச் செலவழித்துத் தங்கும் புள்ளி முறைத் திட்டங்களில் இன்னும் கூடிய கவனம் வேண்டும். அடுத்த ஆண்டுப் புள்ளிகளை முன்னதாகவே எடுத்துச் செலவழிக்கும் வசதி பல திட்டங்களில் உண்டு. விற்பவர் அப்படிச் செய்திருந்தால், வாங்குபவர் தங்க வழியில்லாத ஓர் ஆண்டுக்கும் கட்டணம் வந்து சேரும். எனவே எத்தனை புள்ளி என்று கேட்பதோடு நில்லாமல், எந்த ஆண்டில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

பழைய நிலுவை விற்றவரோடு போய்விடும் என்று நம்புவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. புளோரிடாவின் டைம்ஷெயர் சட்டமான 721ஆம் அத்தியாயத்தின்படி, கைமாறும் நாள்வரை விற்றவர் கட்டாமல் விட்ட தொகைக்குப் புதிய உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பாளி. அதை விற்றவரிடமிருந்து பின்னர் அறவிடும் உரிமை அவருக்கு உண்டு. கொழும்பிலிருந்துகொண்டு புளோரிடாக்காரர் ஒருவரைத் துரத்திப் பிடிப்பது எவ்வளவு சாத்தியம் என்பதை அவரவரே யோசிக்கலாம். நிலுவைத் தொகையைக் காட்டும் சான்றிதழை நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் பெறாமல் பணம் அனுப்பக் கூடாது. சூறாவளிச் சேதத்துக்கோ பெரிய திருத்த வேலைக்கோ விதிக்கப்படும் விசேட அறவீடு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

இதனிடையே பெயர்மாற்றம் இழுபடும். தாமே முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சில நிறுவனங்கள் வைத்திருப்பதால், அவற்றின் பதிலுக்காகவும் காத்திருக்க நேரும். அந்த இடைவெளியில் புதிய ஆண்டின் கட்டணச் சீட்டு விற்றவரின் முகவரிக்குப் போகும்; அவர் அதைப் பிரித்துப் பார்ப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தாமதக் கட்டணம் ஏறும், கட்டி முடிக்கும்வரை முன்பதிவும் முடங்கும். கட்டணம் டொலரில் என்பதையும் மறக்கக் கூடாது: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, இதே 1,100 டொலர் இரண்டேகால் இலட்சம் ரூபா அளவிலிருந்து நான்கு இலட்சம் அளவுக்கு உயர்ந்தது.

ஆகவே ஒப்பந்தத்தில் "நடப்பாண்டு" என்ற சொல்லை விட்டுவிட்டு, வாங்குபவர் முதலில் தங்கக்கூடிய ஆண்டு எது, அவர் கட்டவேண்டிய முதற் கட்டணம் எந்த ஆண்டுக்கானது, அதற்கு முந்தியவை அனைத்தும் யாருடையவை என்பவற்றை ஆண்டின் இலக்கத்தோடு எழுதுவிக்க வேண்டும். அத்தானின் ஒப்பந்தத்தில் அந்த இடத்தில் இலக்கமே இருக்கவில்லை.