ப்ரைம் லென்ஸைக் குறை சொல்லும் முன்

புதிதாக வாங்கிய 85 எம்எம் ப்ரைம் லென்ஸோடு (ஜூம் செய்ய முடியாத லென்ஸ்) பகல் 12 மணிக்கு மெரினாவுக்குப் போய், மணலில் நின்று கலங்கரை விளக்கத்தை எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்பு வெள்ளைப் பட்டைகளின் ஓரமெல்லாம் நெளிந்து கிடந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலை ஆறரைக்கு அதே இடத்தில் எடுத்த படத்தில் ஒவ்வொரு கோடும் துல்லியம். முந்தின நாள் படத்தைக் கெடுத்தது மணல் சூட்டில் அலைந்த காற்று. தூரத்துப் பொருளை வைத்து மதிய வெயிலில் லென்ஸைச் சோதிக்கவே கூடாது.

கேமராவை ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுப்பதும் அப்படித்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடி உடனே பனி பூத்துவிடும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

சரி, எதை எடுத்துப் பார்ப்பது? பழைய நாளிதழின் வரி விளம்பரப் பக்கம் போதும். மொட்டைமாடிச் சுவரில் படத்தின் நான்கு மூலைக்கும் நடுவுக்குமாக ஐந்து தாள் ஒட்டுங்கள். ட்ரைபாட், இரண்டு விநாடி டைமர், நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் ஆஃப். பலர் கோட்டை விடுவது கேமராவைச் சுவருக்கு நேராக வைப்பதில்தான். நடுத்தாள் மேல் ஒரு சின்னக் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்துப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் படத்தின் மையத்தில் விழுந்தால் கேமரா நேராக இருக்கிறது.

ஆட்டோஃபோகஸை நம்பி ஒரே ஒரு படம் எடுத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். லைவ் வியூவில், அதாவது கேமராவின் திரையில், காட்சியைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்து நாலைந்து படம் எடுங்கள். மூலை எழுத்து மங்கலாக இருந்தால் அந்த மூலையிலேயே ஃபோகஸ் வைத்து இன்னொன்று எடுங்கள். இப்போது தெளிந்தால் லென்ஸின் ஃபோகஸ் தளம் (தெளிவாக விழும் பரப்பு) வளைந்திருக்கிறது என்று அர்த்தம். பல லென்ஸ்களின் இயல்பு அது, பழுதல்ல. ஒரே ஒரு மூலை மட்டும் மங்கினால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி எடுங்கள். சுவரில் அதே தாள் மங்கினால் கேமராவின் சாய்வு. மங்கல் கேமராவோடு சேர்ந்து எதிர்மூலைத் தாளுக்குப் போனால் லென்ஸின் உள் கண்ணாடி மையம் விலகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

லென்ஸின் துளை (அபர்ச்சர்) அகலமாகத் திறந்திருக்கும் எஃப்/1.8-இல் மட்டும் பார்த்துவிட்டு ஒதுக்குவதும் அவசரம்தான். எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். எஃப்/2.8, எஃப்/5.6 இரண்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள். எஃப்/16-இல் எந்த லென்ஸும் விளிம்பு விளைவால் (சிறிய துளை வழியே போகும் ஒளி சிதறிப் பரவுவது, டிஃப்ராக்‌ஷன்) கொஞ்சம் மங்கும்.

ஜேபெக் படத்தில் கோட்டு வளைவையும் மூலை இருட்டையும் கேமராவே பெரும்பாலும் திருத்திவிடுகிறது, அதனால் அவற்றை ஜேபெக்கை வைத்து எடைபோட முடியாது. பொருளின் விளிம்பில் நிறம் கசியும் நிற ஓரம் பார்க்க ரிப்பன் மாளிகையின் வெள்ளை விளிம்புகள் அருமையான இடம். முழு அபர்ச்சரில் அங்கே ஊதா கசிந்தால், எஃப்/4-க்கு மூடிப் பாருங்கள். குறைந்துவிட்டால் அதோடு வாழலாம். மூடிய பிறகும் படத்தின் ஓரங்களில் மட்டும் நிறம் நின்றால் அது வேறு வகைப் பிழை. அதை மென்பொருளிலேயே சுலபமாக எடுத்துவிடலாம்.