நல்ல சேவல் முதலில் சட்டிக்குப் போகக் கூடாது: ஊர்க்கோழி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கோ நத்தாருக்கோ கறி வேண்டுமென்றால், கூட்டில் பெரிதாகத் தெரியும் சேவலைத்தான் கை பிடிக்கிறது. மிஞ்சுவது மெலிந்த சேவல். அடுத்த குஞ்சுகளுக்கெல்லாம் அதுதான் தகப்பன். மூன்று நான்கு தலைமுறை இப்படியே போனால் கோழி சிறுத்துவிடும். பிறகு, "ஊர்க்கோழி வளராது" என்று பழியைக் கோழிமேல் போடுகிறோம். கொழும்புப் பக்கம் மட்டக்குளியிலோ தெஹிவளையிலோ பத்துக் கோழி மட்டும் நிற்கும் சிறு வளவில் இந்தச் சேதம் இன்னும் விரைவாக நடக்கும்.

ஆகவே முதலில் இனப்பெருக்கத்துக்குத் தெரிவு, அதன் பிறகே கறி. குஞ்சுகளுக்கு நிற வளையம் போட்டு, 12ஆம், 16ஆம் வாரங்களில் காலையில் தீன் வைக்கும் முன் எடை நிறுத்து எழுதுங்கள். ஒரே ஈட்டுக் குஞ்சுகளைத் தங்களுக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும். எடை மட்டும் போதாது. சேவலைத் தூக்கி நெஞ்செலும்பின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள்: எலும்பு நேராகவும் இரு பக்கமும் சதை நிறைந்தும் இருந்தால் நல்லது. வளைந்திருந்தால், எவ்வளவு அழகான சேவலானாலும் கறிக்குத்தான். பேட்டில் பார்க்க வேண்டியது வேறு: தானே அடை கிடந்து, குஞ்சுகளை எட்டு வாரம் வரை காப்பாற்றிய தாயின் பிள்ளைகளுக்கே முதலிடம். முட்டைக்கென வளர்க்கும் கலப்பினப் பேடுகளைக் கூட்டில் சேர்த்தால் அடை கிடக்கும் குணம் கரைந்துபோகும். திரும்பக் கொண்டுவருவது கடினம்.

எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். அந்தச் சேவலை அதன் மகள்களோடு விடாதீர்கள்; ஆண்டுக்கொருமுறை வேறு வளவுச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள். வந்த சேவலை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டில் விட வேண்டும்.

அடைமுட்டையில் கொழும்பின் வெக்கை ஒரு தனிப் பிரச்சினை. சுமார் 25 பாகைக்கு மேல் போனாலே கரு மெல்ல வளரத் தொடங்கும். பகலில் 30 பாகை தொடும் குசினித் தட்டில் பத்து நாள் கிடந்த முட்டையில், கோழி ஏறி உட்காரும் முன்பே கரு பலவீனமாகி, பலதில் செத்தும் இருக்கும். பென்சிலால் திகதி எழுதி, வீட்டின் குளிர்ந்த மூலையில் கூர்முனை கீழாக வைத்து, நான்கைந்து நாளுக்குள் அடை வையுங்கள். கழுவ வேண்டாம், ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப் படை போய்விடும்.

தீனில் நடக்கும் பெரிய தவறு, சோறும் பாணும் மட்டும் போடுவது. வயிறு நிறையும், சதை பிடிக்காது. அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழு எட்டுத்தான். பத்துக் கிலோ கலவைக்கு: குறுணல் 4 கிலோ, தவிடு 2 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 2 கிலோ, சோயாப் புண்ணாக்கு 1.2 கிலோ, மீன் தூள் 500 கிராம், சிப்பித் தூள் 300 கிராம். இதில் புரதம் ஏறத்தாழ 17 முதல் 18 வீதம் வரும். விற்றமின், கனியுப்புத் தூளைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி சேருங்கள். இது எட்டு வாரம் கடந்த கோழிக்கு; அதுவரை குஞ்சுத் தீனே கொடுங்கள்.

முட்டைக்கோழித் தீனைக் குஞ்சுக்கு வைக்கவே கூடாது. அதில் கல்சியம் (சுண்ணாம்புச் சத்து) 3.5 முதல் 4 வீதம். குஞ்சுக்குத் தேவை ஏறத்தாழ 1 வீதம். மிகுதி சிறுநீரகத்தைக் கெடுக்கும். முட்டையிடும் பேட்டுக்குச் சிப்பித் தூளைத் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டிய அளவு தானே கொத்திக்கொள்ளும்.

நெத்தலித் தலை மலிவு என்று அப்படியே போடுகிறார்கள். கருவாட்டு உப்பு கோழியைக் கொல்லும். இரவு முழுக்க நீரில் ஊறவிட்டு, நீரைக் கொட்டிய பிறகு சிறிதளவே கொடுங்கள். அறுப்பதற்கு இரண்டு வாரம் முன்பு மீன் வகை எல்லாவற்றையும் நிறுத்தாவிட்டால் கறியில் மீன் வாடை அடிக்கும்.

மே முதல் செப்டம்பர் வரை, தென்மேல் பருவமழைக் காலத்தில், புண்ணாக்கு மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். பூஞ்சணம் பிடித்தால் உண்டாகும் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு கோழியின் ஈரலைத் தாக்கும். வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது. கட்டி கட்டியாக, பூஞ்சண மணத்தோடு இருந்தால் எறிந்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி மூடியுள்ள வாளியில் வையுங்கள்.

கறிக்கான சேவலுக்கு ஐந்து ஆறு மாதம் தேவை. இறைச்சிக் கோழிபோல் ஆறு வாரத்தில் எதிர்பார்க்க முடியாது. அறுப்பதற்கு எட்டு முதல் பத்து மணி நேரம் முன் தீனை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். சுத்தம் செய்த இறைச்சியை ஒரு இரவு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சமையுங்கள். அறுத்த சூட்டோடு சட்டியில் போட்டால் தசை இறுகி, எவ்வளவு நேரம் கொதித்தாலும் கடினமாகவே இருக்கும்.