சீசனுக்கு முன்னாடி ரெண்டு பொண்ணுங்க காலேஜ் பாஸ்கெட்பால் டீமை எப்படி எடை போடுறது

ஜூலை பொறந்துட்டா போதும், மதுரையில பாஸ்கெட்பால் பாக்குற ஆளுங்க எங்க கூடுனாலும் இதே பேச்சுதான், இந்த வருஷம் பொண்ணுங்க இன்டர் காலேஜ்ல யார் கை ஓங்கும்னு. பேச்சு பூராவும் போன வருஷ ஃபைனல்ல யார் ஜெயிச்சா, எந்த பொண்ணு இருபது பாயிண்ட் போட்டா, அதைச் சுத்தியேதான் ஓடும். அதை வச்சு இந்த வருஷத்தை கணிக்கிறது வேலைக்கு ஆகாது. காலேஜ் டீம்ங்கிறது மூணு வருஷத்துக்குள்ள ஆளே மொத்தமா மாறிப்போற டீம், கப்பு மட்டும் பிரின்சிபால் ரூம் அலமாரியில இருக்கும், அதை ஜெயிச்சு கொடுத்தவ டிகிரி வாங்கிட்டு கோயம்புத்தூர்ல வேலைக்கு போயிருப்பா. அதனால நான் சொல்ற வழி இதுதான்: போன வருஷ டீம்ல யார் போயிட்டா, அவ கூட என்ன போச்சு, அந்த எடத்துக்கு யார் வந்திருக்கா, இதை எழுதி ரெண்டு டீமையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. லேடி டோக்கா இருக்கட்டும், பாத்திமாவா இருக்கட்டும், கோரிப்பாளையம் மீனாட்சி கவர்மெண்ட் காலேஜா இருக்கட்டும், எந்த டீமுக்கும் இது பொருந்தும். பேர் சொல்லி இவங்கதான் பெரிசுன்னு நான் சொல்லப்போறதில்ல, சொன்னா அங்கிட்டும் இங்கிட்டும் அடி விழும்.

முதல்ல ஸ்கோர் ஷீட்டை பிடிங்க. மேட்ச் முடிஞ்சதும் ஜெயிச்ச டீம், தோத்த டீம் ரெண்டுக்கும் ஒவ்வொரு காப்பி கொடுக்கணும்ங்கிறது முறை, பி.டி. மேடம் ஃபைல்ல பத்திரமா இருக்கும், மரியாதையா கேட்டா ஜெராக்ஸ் எடுத்துக்க விடுவாங்க. பாக்க எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் ஆனா படிக்கத் தெரிஞ்சா அந்த ஒத்த பேப்பர்ல பாதி கதை கெடக்கு. பொண்ணு பேருக்கு நேரா பெருக்கல் குறி இருந்தா அவ கோர்ட்டுக்குள்ள இறங்கியிருக்கான்னு அர்த்தம், அந்தக் குறியைச் சுத்தி வட்டம் இருந்தா ஆரம்ப அஞ்சு பேர்ல ஒருத்தி. ரன்னிங் ஸ்கோர்ல, அதாவது பாயிண்ட் ஏற ஏற குறிக்கிற பத்தியில, சாய்வா கோடு போட்டிருந்தா கூடை விழுந்திருக்கு, கறுப்பு புள்ளின்னா ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்காக யாரும் தடுக்காம கோட்டுல நின்னு போடுறது, ஜெர்சி நம்பரையே வட்டம் போட்டிருந்தா த்ரீ பாயிண்டர், தூரத்துக் கோட்டுக்கு வெளிய இருந்து போட்ட மூணு பாயிண்ட் கூடை. டேபிள்ல ஒழுங்கா எழுதுற ஆள் உக்காந்திருந்தா முதல் குவார்ட்டரும் மூணாவதும் சிவப்பு மையில இருக்கும், ரெண்டாவதும் நாலாவதும் நீலத்துலயோ கறுப்புலயோ இருக்கும். மூணு நாலு ஷீட்டை வரிசையா வச்சு நாலாவது குவார்ட்டர் கலரை மட்டும் பாருங்க, ஒவ்வொரு மேட்ச்லயும் அங்க வந்து ஸ்கோர் படுத்துச்சுன்னா அந்த டீமுக்கு பெஞ்ச் இல்ல, அதாவது மாத்தி இறக்க ஆள் இல்ல, ஆரம்ப அஞ்சு பேரே நாப்பது நிமிஷமும் ஓடி நாக்கு தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்.

இன்னொன்னு, இது நிறைய பேர் பாக்குறதே இல்ல. ஃபவுல் கட்டத்துல என்ன ஃபவுல்னு சொல்ற எழுத்துக்கு பக்கத்துல சின்னதா 1, 2, 3ன்னு ஒரு நம்பர் இருக்கும், அந்த ஃபவுலுக்கு எத்தனை ஃப்ரீ த்ரோ கொடுத்தாங்கங்கிற கணக்கு அது. எதிர் டீம் ஃபவுல் கட்டத்துல இருக்குற சின்ன நம்பரை எல்லாம் கூட்டுனா நம்ம பொண்ணுங்க எத்தனை ஃப்ரீ த்ரோ போட்டாங்கன்னு வந்துரும், நம்ம பக்கம் கறுப்பு புள்ளியை எண்ணுனா எத்தனை விழுந்துச்சுன்னு வந்துரும். இருபது போட்டு எட்டுதான் விழுந்திருக்குன்னா பன்னெண்டு பாயிண்டை சும்மா கோட்டுல விட்டுட்டு வந்திருக்காங்க, அந்த டீம் ஏழு பாயிண்ட்ல தோத்திருந்தா எதிர் டீம் பெரிய டீம்னு சொல்லிக்கிட்டு திரியக்கூடாது.

ஆனா ஷீட்ல மிஸ் ஆன ஷாட் இருக்காது, ரீபவுண்ட், அதாவது விழாம திரும்பி வந்த பந்தை பிடிச்ச கணக்கு இருக்காது, டர்ன் ஓவர், அதாவது பந்தை கோட்டை விட்ட கணக்கும் இருக்காது. அதுக்கு நோட்டுதான். ரெண்டு பேரா உக்காருங்க, ஒருத்தர் கோர்ட்டை விட்டு கண்ணை எடுக்காம சொல்லணும், இன்னொருத்தர் குனிஞ்ச தலை நிமிராம எழுதணும், ரெண்டையும் ஒரே ஆள் செய்யப் பாத்தா பொசுக்குன்னு மூணு தடவை பந்து கைமாறுனது தெரியாமலே போயிரும்.

இப்ப யார் போனாங்கங்கிறதுக்கு வருவோம். போன சீசன் கடைசி வருஷம் படிச்ச பொண்ணுங்க பேரை ஷீட்ல அடிங்க, ஆனா விசாரிச்சிட்டு அடிங்க, ஏன்னா அதே காலேஜ்ல பிஜி சேந்திருந்தா அவ இன்னும் ரெண்டு வருஷம் ஆடுவா, ஜூன்ல இதை விசாரிக்காம "அவ போயிட்டாப்பா"ன்னு பேசிட்டு ஆகஸ்ட்ல கோர்ட்ல அவளைப் பாத்து முழிக்கிற ஆளுங்க உண்டு. அடிச்ச பேருக்கெல்லாம் எத்தனை பாயிண்ட்டோ அதை கூட்டுங்க. ஒரு டீம் மேட்சுக்கு 60 போட்டுச்சு, அதுல 35 போட்டவங்க போயிட்டாங்கன்னா அது பெரிய பள்ளம்தான். ஆனா பாயிண்ட் போட்டவ போனதை விட பந்தை மேல கொண்டு வந்தவ போனது எனக்கு பெரிய கவலை. எட்டு செகண்டுக்குள்ள பாதி கோர்ட்டை தாண்டணும், எதிர்ல ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டு, அதாவது கோர்ட் பூராவும் நெருக்கி அடைச்சு, ரெண்டு பேர் மேல விழுவாங்க, அந்த நேரத்துல தலையை தூக்கிப் பாத்து பாஸ் போடுற பொண்ணு ஒரு டீமுக்கு ஒருத்தி ரெண்டு பேர்தான் இருப்பா. ஷூட்டர் இல்லாம கூட தேறிரலாம், இப்படி பந்தை கொண்டு வர்ற கார்டு இல்லாத டீம் பிரஸ்ல மாட்டுனா அஞ்சு நிமிஷத்துல பதினஞ்சு பாயிண்ட் காணாம போயிரும்.

ஆள் போயிட்டாலே டீம் காலின்னும் எழுதிறாதீங்க. அமெரிக்காவுல சவுத் கரோலினா யுனிவர்சிட்டி பொண்ணுங்க டீம் 2023ல தேசிய காலேஜ் போட்டி செமி ஃபைனல்ல ஐயோவா யுனிவர்சிட்டி கிட்ட தோத்துச்சு, அதோட ஆரம்ப அஞ்சு பேரும் கிளம்பிட்டாங்க, அடுத்த சீசன் 38 மேட்ச் ஆடி ஒண்ணு கூட தோக்கல, 2024 ஃபைனல்ல அதே ஐயோவாவை 87-75ன்னு அடிச்சு கப்பை தூக்குனாங்க. காரணம் முந்தின வருஷமே பெஞ்ச்ல இருந்தவங்க சும்மா தண்ணி பாட்டில் பிடிக்கல, நிறைய நிமிஷம் ஆடியிருந்தாங்க. நம்ம ஊர் ஷீட்லயும் அதைத்தான் தேடணும், வட்டம் இல்லாத பெருக்கல் குறி யார் யாருக்கு இருக்கு, அவங்க இருபது பாயிண்ட் லீடுல கடைசி ரெண்டு நிமிஷம் இறங்குனாங்களா இல்ல ரெண்டாவது குவார்ட்டர்லயே இறங்கி ஃபவுலும் கூடையும் பேருக்கு நேரா விழுந்திருக்கான்னு.

அடுத்து கணக்கு, பயப்படாதீங்க ரொம்ப கிடையாது. ஷூட்டிங்கை பாக்கும்போது த்ரீ பாயிண்டருக்கு கூட மதிப்பு கொடுக்கணும்: விழுந்த கூடை எத்தனை, அதோட விழுந்த த்ரீல பாதியை கூட்டி, போட்ட மொத்த ஷாட்டால வகுங்க. ஒருத்தி 20 ஷாட் போட்டு 8 விழுந்திருக்கு, அதுல 2 த்ரீ, அப்ப ஒம்பது வகுத்தல் இருபது, 45 சதவீதம். இன்னொருத்தி 20 போட்டு 6தான் விழுந்துச்சு ஆனா ஆறுமே த்ரீ, அவளுக்கும் அதே 45தான். வெளிய இருந்து பாத்தா முதல் பொண்ணுதான் நல்லா ஆடுன மாதிரி தெரியும்.

ரெண்டு டீம்ல ஒண்ணு ஓடி ஆடுற டீம், ஒண்ணு நிதானமா ஆடுற டீம்னா மொத்த ஸ்கோரை நேருக்கு நேர் வைக்கக்கூடாது, பந்து எத்தனை தடவை கைக்கு வந்துச்சுன்னு பாக்கணும். போட்ட ஷாட், அதோட ஃப்ரீ த்ரோவை 0.44ஆல பெருக்கி கூட்டி, டர்ன் ஓவரை கூட்டி, எதிர் போர்டுல எடுத்த ரீபவுண்டை, அதாவது தன் டீம் ஷாட் தப்புனதை தானே திரும்ப பிடிச்சதை, கழிங்க. சும்மா ஒரு உதாரணம்: ஒரு டீம் ஒரு மேட்ச்ல 60 ஷாட், 20 ஃப்ரீ த்ரோ, 22 டர்ன் ஓவர், எதிர் போர்டுல 12 ரீபவுண்ட், கிட்டத்தட்ட 79 தடவை பந்து வந்திருக்கு, போட்டது 55 பாயிண்ட். இன்னொரு டீம் வேறொரு மேட்ச்ல 48 ஷாட், 10 ஃப்ரீ த்ரோ, 16 டர்ன் ஓவர், 6 ரீபவுண்ட், 62 தடவை, 50 பாயிண்ட். முதல் டீம் தடவைக்கு 0.7, ரெண்டாவது 0.8. அம்பது போட்ட டீம்தான் அட்டாக்ல உருப்படி.

ஜெயிக்கிறதுக்கு எது எம்புட்டு முக்கியம்னு அமெரிக்காவுல ஒரு கணக்கு வச்சிருக்காங்க, ஷூட்டிங் 40, டர்ன் ஓவர் 25, எதிர் போர்டு ரீபவுண்ட் 20, ஃப்ரீ த்ரோ 15 சதவீதம்னு. அது நல்ல கோர்ட், பெரிய லெவலுக்கு சொன்னது. நம்ம காலேஜ் மேட்சுக்கு நான் டர்ன் ஓவரைத்தான் முதல்ல போடுவேன், ஷூட்டிங்கை ரெண்டாவதா.

நேர்ல பாக்குறதுக்கு, பொண்ணுங்க காலேஜ் கேட்ல போய் பிராக்டிஸ் பாக்கணும்னு நின்னா வாட்ச்மேன் உள்ள விடமாட்டாரு, விடவும் கூடாது. ரேஸ் கோர்ஸ் ஸ்டேடியம் மாதிரி பொது எடத்துல மேட்ச் நடக்கும்போது வெள்ளனயே போய் வார்ம் அப்பை பாருங்க, கேட்காம வீடியோ எடுக்காதீங்க. ஓடி வந்து கூடைக்கு பக்கத்துல போடுற லே-அப் லைன்ல இடது பக்கம் வரும்போது எத்தனை பேர் இடது கையால போடுறாங்கன்னு எண்ணுங்க, பன்னெண்டு பேர்ல மூணு பேர்தான் போடுறாங்கன்னா எதிர் டீம் வலது பக்கத்தை அடைச்சாலே போதும். கூடைக்கு பக்கத்துல நின்னு போஸ்ட் ஆடுற உயரமான பொண்ணு ஷாட் போனதும் பந்தையே அண்ணாந்து பாக்குறாளா இல்ல முதுகால தன் ஆளை தடுத்துட்டு அப்புறம் பந்தை பாக்குறாளான்னு கவனிங்க. ஆறடி இருந்தும் தடுக்கத் தெரியாதவ குட்டைப் பொண்ணு கிட்ட ரீபவுண்டை விடுவா, அதோட கையை நீட்டி ஃபவுல் வாங்குவா, அஞ்சாவது ஃபவுல்ல வெளிய. அவளுக்கு பதில் யாருங்கிற கேள்விக்கு பதில் இல்லாத டீமை கீழ போடுங்க.

புதுசா வந்தவங்களை பத்தி ரெண்டே வார்த்தை. ஸ்போர்ட்ஸ் கோட்டால ஸ்டேட் ஆடுன பொண்ணு வந்திருக்கான்னு சொன்னா எந்த வருஷம், எந்த பொசிஷன், ஆடுனாளா பெஞ்ச்ல இருந்தாளான்னு கேளுங்க. ஒரே பள்ளிக்கூட டீம்ல இருந்து ரெண்டு மூணு பேர் சேந்து வந்திருந்தா அதுக்கு கூட மார்க் போடுங்க, அவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே பாஸ் போட வரும்.

சம்மர் டோர்னமென்ட் ரிசல்ட்டை வச்சு ஏ டீம் சி டீமை இருபதுல அடிச்சுச்சு, பி டீம் அஞ்சுலதான் அடிச்சுச்சு, அப்ப ஏ பெரிசுன்னு போடுற கணக்கு சுத்த வேஸ்ட்டு, அன்னிக்கு சி டீம்ல யார் இறங்குனா, பரீட்சைக்கு போனவங்க எத்தனை பேருன்னு தெரியாம அதுல கை வைக்காதீங்க. எதிர் டீம் வராம வாக் ஓவர் கிடைச்ச மேட்சை லிஸ்ட்லயே சேக்காதீங்க. பந்தையும் பாருங்க, பொண்ணுங்களுக்கு ஆறாம் நம்பர் சைஸ்தான், பசங்க கூட ஏழாம் நம்பர்லயே பிராக்டிஸ் பண்ற டீம் மேட்ச்ல முதல் குவார்ட்டர் ஷாட்டெல்லாம் நீளமா போகும். சிமெண்ட் கோர்ட்ல பழகுனவங்க உள்ளரங்க மரத்தரையில ஆடுனாலும் அதே தடுமாற்றம்தான், அக்டோபர் நவம்பர் மழையில ஓப்பன் கோர்ட் மேட்ச் தள்ளிப்போய் ரெண்டு நாள்ல மூணு மேட்ச் ஆட வேண்டி வந்தா பெஞ்ச் உள்ள டீமுக்கு யோகம்.

எல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதுங்க: கார்டு இருக்காளா, போன பாயிண்ட் எம்புட்டு, பெஞ்ச்ல ஆடுனவங்க எத்தனை பேர், ஃப்ரீ த்ரோ சதவீதம், போஸ்ட்டுக்கு மாத்து ஆள். யார் மேலன்னு எழுதி தேதி போட்டு வைங்க. முதல் லீக் மேட்ச் அன்னிக்கு ஸ்கோரை விட்டுட்டு புது கார்டு முதல் பாதியில எத்தனை தடவை பந்தை விட்டான்னு மட்டும் எண்ணுங்க, அவ ஒருத்தியே ஆறு ஏழு விட்டிருந்தா டீம் ஜெயிச்சிருந்தாலும் சரி, எழுதுனதை அடிச்சிட்டு அடுத்த டீமை மேல போட்டுருங்க.