புதுத் தொட்டியில் மீனுக்கு முன்னால் பாக்டீரியா: ஃபில்டரைத் தயார் செய்வது எப்படி

சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் போய் தொட்டி, ஃபில்டர், கூழாங்கல், கூடவே பத்து கப்பி மீன் என எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வருகிறவர்கள்தான் அதிகம். "ரெண்டு நாள் ஃபில்டரை ஓடவிட்டு அப்புறம் மீனை விடுங்க" என்று கடையில் சொல்லி அனுப்புவார்கள். அந்த ரெண்டு நாளில் வெறும் தண்ணீர்தான் சுற்றும், வேறு எதுவும் நடக்காது. ஃபில்டரில் வளர வேண்டிய பாக்டீரியாவுக்குச் சாப்பாடு அம்மோனியா, அதை யாரும் போடவே இல்லையே. மீன் வந்த பிறகுதான் அம்மோனியாவும் வரும், அதற்குள் அதைத் தின்ன ஆள் இல்லாமல் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

நமக்குத் தேவை ரெண்டு கூட்டம். ஒன்று அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் ரெண்டும் மீனுக்கு விஷம், நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். சிக்கல் என்னவென்றால் இவை மெதுவாகப் பெருகுகிறவை. சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும் இடத்தில் இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அதனால் நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மாதிரி ஊரில் தண்ணீர் 28, 30 டிகிரியில் இருப்பது நமக்கு லாபம், ஹீட்டர் வேண்டாம்.

முதலில் தண்ணீர். குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ, குளோரின் இருந்தால் மீனைக் கொல்வதற்கு முன் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், ஆகவே ஆன்டி குளோரின் சொட்டு விட்ட பிறகே ஃபில்டரை ஓட்டுங்கள். சுத்தமாக இருக்கட்டுமே என்று ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அம்மோனியாவைத் தின்னும்போது தண்ணீரில் உள்ள கார்பனேட்டும் செலவாகும், ஆர்.ஓ. தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லை, பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) சரிந்து 6-க்குக் கீழே போனால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். நாம் திட்டித் தீர்க்கும் போர் தண்ணீரின் கடினத்தன்மை இந்த வேலைக்கு நல்லது. ஆர்.ஓ.தான் இருக்கிறது என்றால் 100 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து விடுங்கள்.

அடுத்து அம்மோனியா. செத்த இறால் ஒன்றைத் துணியில் கட்டிப் போடும் வழி பழசு, வேலையும் செய்யும், ஆனால் நாறும், எவ்வளவு வருகிறது என்றும் தெரியாது. அம்மோனியம் குளோரைடு வாங்குவது மேல். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் அதே பொருள்தான் என்றாலும் அதில் வேறென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, ஆய்வகத் தரத்தில் உள்ளதாகப் பாருங்கள். 32 கிராமைக் கரைத்து ஒரு லிட்டர் கரைசலாக்கி வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம்: 10 லிட்டர் தொட்டித் தண்ணீருக்கு 1 மில்லி விட்டால் அம்மோனியா 1 பி.பி.எம். (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) ஏறும். 2 பி.பி.எம். போதும், அதாவது 100 லிட்டருக்கு 20 மில்லி. சீக்கிரம் முடியட்டும் என்று எட்டு பத்துக்கு ஏற்றினால் அதுவே பாக்டீரியாவை முடக்கும்.

இதற்கு டெஸ்ட் கிட் கட்டாயம். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் வகை வாங்குங்கள், காகிதப் பட்டை அவ்வளவு நம்பகமில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாருங்கள். அம்மோனியா அரை பி.பி.எம்.முக்குக் கீழே போனதும் மறுபடி 2-க்கு ஏற்றுங்கள். கொஞ்ச நாளில் நைட்ரைட் தலைகாட்டும், அதுவும் சட்டென்று எகிறும், ஏனென்றால் 1 பி.பி.எம். அம்மோனியா 2.7 பி.பி.எம். நைட்ரைட்டாக மாறும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள், ரெண்டாவது கூட்டம் முதலாவதை விட மெதுவாகத்தான் நிலைக்கும். நைட்ரைட் 5-ஐத் தாண்டி நிறமே பிரித்தறிய முடியாமல் போனால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு அம்மோனியா அளவையும் 1 பி.பி.எம்.முக்குக் குறையுங்கள். பாக்டீரியா போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், அது ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டியிருக்கிறது, தண்ணீரில் இருப்பது சொற்பம்.

அதே காரணத்தால் நண்பர் தொட்டியிலிருந்து பழைய தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதில் பயனில்லை. அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கேளுங்கள். அதில் ஒரு துண்டு வெட்டி நம் ஃபில்டருக்குள் செருகினால் உறை ஊற்றிய மாதிரி, நாலு வாரம் ஒன்றிரண்டு வாரமாகக்கூடக் குறையலாம். கடைத் தொட்டியில் ஓடும் ஸ்பாஞ்ச் வேண்டாம், வெள்ளைப்புள்ளி நோயும் கூடவே வரலாம். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவில் நல்லதும் உண்டு, ஆனால் இவை சூட்டையும் வறட்சியையும் தாங்கும் வித்து (ஸ்போர்) உண்டாக்காத இனம், வெயிலில் கிடந்த பாட்டிலை நம்ப முடியாது. உலர்ந்த பொடியாக வருவது பெரும்பாலும் பேசில்லஸ் என்ற வேறு பாக்டீரியா, அது கழிவை மக்கவைக்கும், நைட்ரைட்டைத் தொடாது.

நடுவில் தண்ணீர் பால் மாதிரி கலங்கினால் அது வேறு பாக்டீரியா, தானே தெளியும், விட்டுவிடுங்கள். கடையில் தரும் நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, அதை மட்டும் இந்தத் தொட்டியில் விடாதீர்கள், நாம் வளர்ப்பதைத்தான் அது முதலில் அடிக்கும். அப்புறம் கரண்ட். ஆக்சிஜன் இல்லாமல் இவை தாங்காது, மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றாலே பாதிப்புதான், ஆகவே மின்வெட்டு அதிகமுள்ள இடத்தில் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் பேட்டரி ஏர் பம்ப்பும் என் தேர்வு.

2 பி.பி.எம். அம்மோனியா விட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்தால் தொட்டி தயார், ஒரே நாள் வந்தால் நம்பாமல் அடுத்த நாளும் ஒருமுறை பாருங்கள். நைட்ரேட் ஏகத்துக்கும் ஏறியிருக்கும், முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு அன்றோ மறுநாளோ மீனை விடுங்கள், ஒரு வாரம் காலியாக வைத்தால் பட்டினியில் கூட்டம் குறைய ஆரம்பிக்கும். முதல் மாதம் ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள். பிறகு அழுக்கேறினால் தொட்டித் தண்ணீரை ஒரு பக்கெட்டில் எடுத்து அதிலேயே ரெண்டு தடவை பிழிந்து திரும்ப மாட்டுங்கள், குழாயடியில் பிடித்துப் பளிச்சென்று கழுவ வேண்டாம்.