வைட்டமின் டி ஆய்வைத் தொடங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பன் பக்கம் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காத நம் குடும்பங்கள் குறைவு. காசநோயும் தென்னாப்பிரிக்காவை விட்டபாடில்லை. இங்கே ஆராய்ச்சிக்குள் நுழையும் நம் பிள்ளைகள், இந்நோய்களோடு வைட்டமின் டி-யைச் சேர்த்து ஆராய நினைப்பது இயல்பு. சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: நோயாளிகளின் ரத்தத்தில் டி குறைவாக இருப்பதைப் பார்த்ததும், அந்தக் குறைவால்தான் நோய் வந்தது என்று எழுதிவிடுகிறார்கள்.

காசநோயாளி வாரக்கணக்கில் பசியின்றி வீட்டுக்குள்ளேயே கிடந்திருப்பார். மேலில் வெயில் பட்டிருக்காது. உடலில் அழற்சி ஏறினாலே 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி (உடலின் டி இருப்பைக் காட்ட ரத்தத்தில் அளக்கும் வடிவம்) இறங்கிவிடும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் தொடங்கினால் கல்லீரல் நொதிகள் முடுக்கிவிடப்பட்டு டி வேகமாகச் சிதையும். எச்ஐவிக்கான எஃபாவிரென்ஸ் மருந்தும் அதைக் குறைக்கும். ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுங்கள். கூடவே சிஆர்பியும் (அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்) பாருங்கள். உடல் பருமன் கூடினால் டி குறையும் என்பதால், எடையும் உயரமும் இல்லாத சர்க்கரை நோய் ஆய்வுக்கு மதிப்பில்லை.

கேப் டவுனில் 1,682 பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு வைட்டமின் டி வாரம் 10,000 யூனிட் வீதம் 3 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் டி ஏறியது. காசநோய்க் கிருமித் தொற்று குறையவில்லை. உங்கள் முடிவுரையை எழுதும்போது இதை மறக்காதீர்கள்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். அமெரிக்காவின் வைட்டல் ஆய்வில் 25,871 பேர். தினம் 2,000 யூனிட். 2018-இல் வெளியான முடிவில் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே அவர்களின் சராசரி அளவு மில்லிலிட்டருக்கு சுமார் 30 நானோகிராம். போதுமான அளவு உள்ளவர்களிடம் கிடைத்த விடையைக் கடும் குறைபாடு உள்ளவர்கள் மேல் ஏற்றக்கூடாது.

பரிசோதனை கேட்கும்போது 25-ஹைட்ராக்ஸி என்று தெளிவாக எழுதுங்கள். அது ரத்தத்தில் பாதியாகக் குறைய 2, 3 வாரம் ஆகும். டி-யின் வீரியமான வடிவான 1,25-டைஹைட்ராக்ஸி சில மணி நேரத்தில் மாறும். குறைபாடு உள்ளவரிடமும் இயல்பாகவோ உயர்ந்தோ தெரியும். அலகையும் ஒவ்வொரு வரியிலும் பதியுங்கள்: மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பது லிட்டருக்கு 50 நானோமோல். அலகில்லாமல் வெறும் 25 என்று குறித்திருந்தால், அது 25 நானோமோலா (அதாவது 10 நானோகிராமா), 25 நானோகிராமா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. டி2 (வைட்டமின் டி-யின் ஒரு வகை) மாத்திரை எடுப்பவர்களிடம், எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் சில இம்யூனோஅசே கருவிகள் அளவைக் குறைத்துக் காட்டும். அங்கே மூலக்கூறின் நிறையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிதான் நம்பகமானது. நோயாளிகள், ஒப்பீட்டுக் குழு இரண்டின் ரத்த மாதிரிகளையும் ஒரே பரிசோதனைத் தட்டில் மாற்றி மாற்றி வைத்து ஓட்டுங்கள்.

பருவமும் ஏமாற்றும். ஜோகன்னஸ்பர்க் வெயிலில் ஆண்டு முழுவதும் தோலில் டி உருவாகும்; கேப் டவுனில் ஜூன், ஜூலையில் மிகக் குறைவு. நோயாளிகளைக் குளிர்காலத்திலும் மற்றவர்களைக் கோடையிலும் சேர்த்தால், அளப்பது நோயை அல்ல, வெயிலை.

மருந்து கொடுக்கும் ஆய்வென்றால், ஆண்டுக்கு ஒரே தவணையாக அள்ளிக் கொடுக்காதீர்கள். அப்படி 5,00,000 யூனிட் பெற்ற ஆஸ்திரேலிய மூதாட்டிகளுக்கு விழுதலும் எலும்பு முறிவும் கூடின. அந்த முடிவு 2010-இல் வெளிவந்தது. தினமோ வாரமோ கொடுங்கள். காசநோயாளிகளிடம் கால்சியத்தையும் தவறாமல் பாருங்கள்: நோய்க்கட்டியிலுள்ள மேக்ரோஃபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்பு செல்கள்) சிறுநீரகத்தின் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் டி-யை வீரியமான வடிவுக்கு மாற்றும்; கால்சியம் எகிறிவிடும்.