ஏ.சி. காற்று கண்ணாடிக்குப் போகிறதா? டேஷ்போர்டைக் கழற்றாதீர்கள்

கம்ப்ரசர் சுற்றுகிறது. குளிர்குழாயைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கிறது. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் நடுத் துவாரத்தில் மூச்சே இல்லை. காற்றெல்லாம் முன்கண்ணாடிக்கும் பாதத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரியில் கத்திரி வெயிலில் நிறுத்திவைத்த வண்டிக்குள் இதைவிடக் கொடுமை வேறு உண்டா, தெரியவில்லை.

என் வண்டி 1983ஆம் ஆண்டின் பென்ஸ் 280 எஸ்.இ., டபிள்யூ 126 வகை, பெட்ரோல். தோல் வியாபாரம் செய்த ஒரு குடும்பத்தின் ஷெட்டில் பல வருடம் தூங்கியதை வாங்கிச் சீர்செய்தேன். ஏ.சி.க்காக ஒரு பெரிய கடையில் விட்டேன். மூன்று முறை கேஸ் நிரப்பி, மூன்று முறையும் பில் கொடுத்தார்கள். நாலாவது முறை, "டேஷ்போர்டைக் கழற்றினால்தான் சார் தெரியும்" என்றார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ராணிப்பேட்டை பெல் ஆலையில் முப்பது வருடம் காற்றழுத்தத்தில் இயங்கும் வால்வுகளோடு குடும்பம் நடத்தியவன் நான். அங்கே 3 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள காற்று டயாபிரத்தை, அதாவது மெல்லிய சவ்வை, தள்ளும். இங்கே அதற்கு நேர்மாறு: எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிபோல்டு காற்றை உறிஞ்சுகிறது, அந்த உறிஞ்சல் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களில் ஓடி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன டப்பிகளின் ரப்பர் டயாபிரத்தை இழுக்கிறது. டப்பியின் கம்பி நகர்ந்தால் காற்றை வழிமாற்றும் மடல் திறக்கும். உறிஞ்சல் நின்றால் மடல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இந்த மாதிரி ஏற்பாடுகளில் அந்தப் பழைய இடம் பெரும்பாலும் முன்கண்ணாடிதான். குளிர்நாட்டுக்காரன் யோசித்துச் செய்தது. எது கெட்டாலும் கண்ணாடியில் பனி படியக் கூடாது என்பது அவன் கவலை. நம் கவலை வேறு.

வேக்குவத்தின், அதாவது இந்த உறிஞ்சலின், மேல் பழி போடுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். காற்று சரியான துவாரத்தில் வந்து, சூடாக வந்தால், அது வேக்குவம் கோளாறு அல்ல. ஹீட்டருக்குப் போகும் வெந்நீரை அடைக்க ஒரு மின் வால்வு இருக்கிறது. மின்சாரம் வராவிட்டால் அது திறந்தே கிடக்கும். எஞ்சின் சூடானதும், ஏ.சி.யை முழுக்குளிரில் வைத்து, அந்த வால்வைத் தாண்டிப் போகும் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் கோளாறு அங்கே.

இனி வேக்குவம். கேஜ் பொருத்திய கைப்பம்பு ஒன்று, டீ வடிவ இணைப்பு ஒன்று, குழாய் முனையை அடைக்கச் சில மழுங்கிய ஆணிகள். இவ்வளவுதான் ஆயுதம். சோப்பு நீரைக் கொண்டுவராதீர்கள். அழுத்தக் கசிவில்தான் குமிழி வரும். உறிஞ்சும் குழாயில் விரிசல் இருந்தால் சோப்பு நீரையும் சேர்த்து உள்ளே குடித்துவிடும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரால் குழாயில் காற்று ஊதும் வழக்கமும் வேண்டாம். நல்லதாக இருந்த டயாபிரமும் கிழிந்துபோகும்.

முதலில் உறிஞ்சலின் ஊற்றுக்கண். மேனிபோல்டிலிருந்து ஏ.சி.க்குப் போகும் குழாயை எடுத்து, மேனிபோல்டின் மூக்கில் கேஜைச் செருகுங்கள். எஞ்சின் சூடாகி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் இருக்கும்போது 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்ட வேண்டும். முள் அசையாமல் குறைவாக நின்றால் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். முள் தாளம் தவறாமல் துடித்தால் எஞ்சின் வால்வில் சந்தேகம். அதைத் தீர்க்காமல் ஏ.சி. பக்கம் வராதீர்கள். (வேட்டியோடு ஓடும் எஞ்சின் மேல் குனிய வேண்டாம். ஃபேன் பெல்ட்டுக்கு வேட்டி பிடிக்கும். துண்டையும் தோளிலிருந்து எடுத்துவிடுங்கள்.)

ஊற்று சரியென்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். இனி கைப்பம்பு போதும். ஏ.சி.க்குப் போகும் குழாயில் பம்பை மாட்டி 15 அங்குலம் வரை இழுங்கள். ஒரு நிமிடம் முள் அசையாமல் நின்றால் அந்தப் பகுதி நல்லது. என் வண்டியில் இழுக்க இழுக்க முள் சரிந்தது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டதுபோல.

கசிவைத் தேட ஒரே வழி, பாதி பாதியாக வெட்டுவது. கிளவ் பாக்ஸைக் கழற்றிக் கையை விட்டேன். குழாய்கள் மின்காந்த வால்வுகள் வரிசையாக இருக்கும் ஒரு கட்டைக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு டப்பிக்கும் பிரிகின்றன. கட்டைக்குப் போகும் முனையை ஆணியால் அடைத்துப் பம்பை இழுங்கள். இப்போது முள் நின்றால் எஞ்சின் பக்கம் சுத்தம், கோளாறு உள்ளே. எனக்கு இப்போதும் சரிந்தது. வீட்டு ஃபேனையெல்லாம் நிறுத்திவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு அடி நீள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு இணைப்பாக நுகர்ந்து பார்த்தேன். எஞ்சினுக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு ரப்பர் முழங்கை. அதனருகே 'ஸ்ஸ்' என்று பல்லி மூச்சுவிடுகிற அளவுக்குச் சத்தம். பிதுக்கிப் பார்த்தால் மேலே பளபளப்பு, உள்வளைவில் முதலை வாய் மாதிரி வெடிப்பு.

அதை மாற்றினேன். எஞ்சின் பக்கம் நின்றது. உள்ளே இன்னும் சரிந்தது. கசிவு ஒன்றோடு நிற்காது. ஒரே வயது ரப்பர் எல்லாம் ஒரே காலத்தில்தான் கெடும்.

அடுத்து டப்பிகள். குழாய்களைக் கழற்றுமுன் அடையாளம் கட்டிவிடுங்கள். நான் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து நிறத்துக்கு ஒரு நூல் எடுத்து முடிச்சுப் போட்டேன். சில டப்பிகளில் இரண்டு டயாபிரம், இரண்டு மூக்கு இருக்கும். ஒன்றை இழுத்தால் மடல் பாதி திறக்கும், மற்றதையும் இழுத்தால் முழுதும். இரண்டையும் மாற்றிச் செருகினால் எல்லாம் நன்றாக இருந்தும் ஏ.சி. பைத்தியம்போல் நடந்துகொள்ளும். ஒவ்வொரு குழாயிலும் கைப்பம்பை வைத்து இழுங்கள். மடல் நகரும் 'தொப்' சத்தம் கேட்க வேண்டும், முள்ளும் நிற்க வேண்டும். நடுத் துவாரத்தின் டப்பியில் எனக்குச் சத்தமும் இல்லை, முள்ளும் எழவில்லை. டப்பிகள் எல்லாம் தாங்கியும் வேலை நடக்காவிட்டால் மின்காந்த வால்வைச் சந்தேகியுங்கள்.

டேஷ்போர்டு கடைசியில் கழன்றது உண்மைதான். ஆனால் எந்த டப்பிக்காகக் கழற்றுகிறோம் என்று தெரிந்து கழற்றினேன். கிழிந்த டயாபிரத்தில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுப் போட்டது என் முட்டாள்தனம். இரண்டு மாதத்தில் ஒட்டு விறைத்து, மடல் பாதியில் நின்றது. மறுபடி எல்லாம் கழற்றல். இந்த முறை வெளிநாட்டிலிருக்கும் தங்கை மகன் வழியாகப் புது டப்பிகள் வரவழைத்து, கைக்கு எட்டியவரை எல்லாவற்றையும் மாற்றினேன்.

இணைப்புக்கு சைக்கிள் வால்வு டியூப் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வீட்டுக்கு வந்து சேர உதவும், அவ்வளவுதான். எஞ்சின் சூட்டில் பிசுபிசுத்துவிடும். வேலூரில் மருந்துக் கடைக்குப் பஞ்சமில்லை, குளுக்கோஸ் ஏற்றும் குழாயும் கிடைக்கும். அது சூட்டில் இளகி, உறிஞ்சலில் தட்டையாகி அடைத்துக்கொள்ளும். தடித்த சுவருள்ள சிலிகோன் டியூபே நல்லது.

ஒரு சோதனை பாக்கி. சமதளத்தில் எல்லாம் சரி, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்று கண்ணாடிக்கு ஓடுகிறது என்றால் காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வு கெட்டிருக்கிறது, அல்லது உறிஞ்சலைச் சேமித்துவைக்கும் தொட்டி கசிகிறது. எஞ்சினின் காற்றுக் கதவான திராட்டில் அகலத் திறந்தால் மேனிபோல்டில் உறிஞ்சல் படுத்துவிடும். அந்த நேரத்துக்குத்தான் அந்த இரண்டும். இதற்கு ஏலகிரி மலைப்பாதையை மிஞ்சிய பரிசோதனைச் சாலை இல்லை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள், வள்ளல்கள் பெயரில். இரண்டாம் கியரில் மிதித்துக்கொண்டே ஏறினேன். காற்று நடுத் துவாரத்தை விட்டு நகரவில்லை.

மேலே போய் ஐடிலில் கேஜ் வைத்தால் வேலூரில் காட்டியதைவிட மூன்று அங்குலம் குறைவாகக் காட்டும். பதறி எதையும் கழற்ற வேண்டாம். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஓர் அங்குலம் காற்றழுத்தம் குறையும். ஏலகிரி 1,100 மீட்டர். வாணியம்பாடிக்கு இறங்கி மறுபடி பாருங்கள், முள் ஏறியிருக்கும்.