பனியாறு குடைந்த ஏரிக்கு நடந்து போவது எப்படி?

மலை ஏரிக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் தூரத்தைத்தான் பார்க்கிறார்கள். "ஆறு கிலோமீட்டர்தானே!" ஆனால் பார்க்க வேண்டியது தரையின் வடிவத்தை. அதைச் செதுக்கியது பனியாறு, அதாவது மலையில் மெல்ல நகரும் ஐஸ் திரள். எங்கே மூச்சு வாங்கும் என்பதும் அந்த வடிவத்திலேயே இருக்கிறது. ஷூ, மழைக்கோட்டு பற்றி இங்கே பேசப்போவதில்லை.

படி 1: வரைபடத்தில் சர்க்கைத் தேடுங்கள்

சர்க் என்பது பனியாறு மலைச்சரிவில் குடைந்த கிண்ணம் போன்ற பள்ளம். அதைக் கண்டுபிடிக்க, சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை; நெருங்கினால் சரிவு செங்குத்து) உள்ள வரைபடம் வேண்டும். ஏரியின் மூன்று பக்கம் கோடுகள் லாட வடிவில் நெருக்கியடித்து, ஒரு பக்கம் திறந்திருந்தால் அது பெரும்பாலும் சர்க் ஏரி. சரிவிலுள்ள பள்ளத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பனி இறுகி ஐஸாகி, தன் எடையாலேயே நகர ஆரம்பிக்கும். பின்சுவரில் பாறையைப் பெயர்க்கும். அடியில் சிக்கிய கற்களால் தரையைத் தேய்த்துக் குடையும். ஐஸ் உருகியபின் அந்தக் குழியில் நீர் நிற்கிறது.

வட அரைக்கோளத்தில் இவை பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கு பார்த்தவை. வெயில் குறைவு என்பதால் கீழே கோடை வந்த பிறகும் மேலே பாதையில் பனி கிடக்கும். கோடையின் பின்பகுதியில் போவதே நல்லது.

செல்போன் ஆப் இருக்கட்டும், காகித வரைபடமும் கட்டாயம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். முழுப் பள்ளத்தாக்கையும் ஒரே பார்வையில் காட்டுவதும் காகிதம்தான்.

படி 2: நேரம்

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும். மெட்ரிக்கில் சொன்னால், 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 6 கி.மீ., 900 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் 2 மணி 40 நிமிடம். புதியவர்கள் அதில் பாதியைக் கூட்டி 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கடைசி மேடு

பலரும் தடுமாறும் இடம் இது. சர்க்கில் இருந்த ஐஸ் நேராக வழுக்கி இறங்கவில்லை, சுழன்றபடி நகர்ந்தது. அதனால் நடுவில் ஆழமாகவும், திறந்த பக்கமான வாசலில் குறைவாகவும் குடைந்தது. வாசலில் ஒரு பாறை வரம்பு மிஞ்சியது. ஏரி அதன் பின்னால் ஒளிந்திருப்பதால், கடைசி அடி வரை தண்ணீர் கண்ணில் படாது. களைத்துப்போய் "பாதை தவறிவிட்டோம்" என்று திரும்புகிறவர்கள் இங்கேதான் திரும்புகிறார்கள்.

வரைபடத்தில் ஏரிக்குச் சற்றுக் கீழே கோடுகள் மறுபடி நெருங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். அப்புறம் ஏரியிலிருந்து வழியும் ஓடையின் சத்தத்தைக் கேட்டபடி ஏறுங்கள். சில பள்ளத்தாக்குகளில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இப்படிப் பல படிகளும் ஏரிகளும் உண்டு. உங்களுடையது எத்தனையாவது என்று முன்பே எண்ணி வையுங்கள்.

வரம்பின் பாறை மழமழவென்று இருக்கும், நனைந்தால் கால் நிற்காது. இரண்டு ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாது என்பது என் கருத்து. அங்கே குனிந்து விரலால் தடவிப் பாருங்கள்: ஒரே திசையில் இணையாக ஓடும் கீறல்கள், ஐஸ் இழுத்துப்போன கற்கள் போட்டவை. ஐஸ் வந்த பக்கம் பாறை வழவழப்பாகவும், போன பக்கம் உடைந்தும் இருக்கும். வேல்ஸில் உள்ள க்வும் இட்வால் சர்க்குக்கு 1831இல் போன சார்லஸ் டார்வின், புதைபடிவம் தேடும் மும்முரத்தில் பனியாற்றின் தடயங்களைக் கவனிக்கவே இல்லை. 1842இல் மறுபடி போனபோதுதான் அவை அவருக்குப் புலப்பட்டன. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து போவது அவ்வளவு முக்கியம்.

படி 4: தண்ணீர்

கனடாவின் பெய்ட்டோ ஏரி போல நீர் பச்சை கலந்த நீலமாக இருந்தால், மேலே பனியாறு இன்னும் பாறையை அரைத்துக்கொண்டிருக்கிறது. அந்த மாவுத்துகள் ஃபில்டரை அடைத்துவிடும். பாத்திரத்தில் தெளியவிட்டு, பிறகு வடிகட்டுங்கள்.

பிற்சேர்க்கை: காலையில் எளிதாகக் கடந்த ஓடை மாலையில் முழங்காலைத் தாண்டியது ஏன் என்று சிலர் கேட்டிருந்தார்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகும், பிற்பகலில் வெள்ளம் கூடும். அதனால் திரும்பும் நேரத்தை ஓடையை வைத்து முடிவு செய்யுங்கள். ஓடை ஏற்கெனவே பெருகியிருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். இரவுக் குளிரில் உருகுவது குறைந்து, விடியற்காலையில் நீர் குறைந்திருக்கும்.